ஒரே களம், ஒரே பூட்டு

1928 ஜனவரி நடுவில் ஸ்டாலின் ரயிலேறி சைபீரியாவுக்குப் போனார். நோவோசிபிர்ஸ்க், பர்னவூல், ருப்சோவ்ஸ்க், ஓம்ஸ்க் என்று மூன்று வாரச் சுற்று. போன இடமெல்லாம் கட்சிக்காரர்களையும் அரசு வழக்கறிஞர்களையும் கூட்டிவைத்து அவர் கேட்டது ஒன்றைத்தான்: தானியம் எங்கே? அங்கே விளைச்சல் ஒன்றும் மோசமில்லை. வீட்டுக் களஞ்சியங்களில் தானியம் கிடந்தது. அரசின் கொள்முதல் நிலையத்துக்குத்தான் வரவில்லை. முந்தைய ஆண்டு ஜனவரிக்குள் நாடு முழுக்கச் சுமார் 70 லட்சம் டன் சேர்ந்திருந்தது. இந்த முறை 49 லட்சம் டன்கூடத் தேறவில்லை. பதுக்கல் வியாபாரிகளுக்கென்று குற்றவியல் சட்டத்தில் வைத்திருந்த 107ஆம் பிரிவை விவசாயிகள்மேல் பாய்ச்சச் சொன்னார் ஸ்டாலின். சந்தைகள் மூடப்பட்டன, சாலைகளில் வண்டிகள் மறிக்கப்பட்டன, தானியம் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு கிராமத்தையும் எட்டிப் பார்க்கவில்லை என்று அவருக்குப் பின் தலைவரான குருஷ்சேவ் 1956இல் சொன்னார்.

கம்யூனிஸ்ட் அரசு விவசாயிகளைக் கூட்டுப்பண்ணைக்குள் ஏன் கொண்டுபோனது என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில்கள் வரும். சித்தாந்தம் அப்படிச் சொன்னது. பெரிய பண்ணையில் டிராக்டர் ஓட்டினால் அதிகம் விளையும். தொழிற்சாலை கட்டப் பணம் வேண்டியிருந்தது. மாஸ்கோவில் அச்சாகி இங்கே சல்லிசு விலைக்குக் கிடைத்த புத்தகங்களில் இரண்டாவது பதில் படமாகவே வந்துவிடும்: அறுவடை இயந்திரம், தலைத்துணி கட்டிய பெண், வாய் நிறையச் சிரிப்பு. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் 1928 முதல் 1933 வரை நடந்தவற்றைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் என் கண்ணில் முதலில் படுவது வேறொன்று. இரண்டரைக் கோடி வீடுகளில் தானியத்தைத் தேடி அலைவதைவிட, எல்லாவற்றையும் ஒரே களத்தில் கொட்டவைத்து, அங்கேயே அளந்து எடுத்துக்கொண்டு போவது அரசுக்குச் சுலபம். கூட்டுப்பண்ணை முதலில் ஒரு கொள்முதல் ஏற்பாடு, விவசாய முறையெல்லாம் அதற்குப் பிறகுதான். அதன் பலமும் பழுதும் இங்கிருந்தே கிளம்புகின்றன.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1917இல் நிலப்பிரபுக்களின் நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் விவசாயிகள்தான். போல்ஷெவிக்குகளின் நில ஆணை அதற்கு முத்திரை குத்தியது. கிராமச் சமூகம் கூடி, குடும்பத்தில் எத்தனை வாய் என்று பார்த்து, நிலத்தை நீள நீளக் கீற்றுகளாகப் பங்கிட்டுக் கொடுத்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் அதே போல்ஷெவிக்குகள் துப்பாக்கியோடு வந்து தானியத்தை எடுத்துப் போனபோது தம்போவ் வட்டாரமே ஆயுதம் தூக்கியது. 1921 மார்ச்சில் லெனின் பின்வாங்கினார். வரியைக் கட்டிவிட்டு மீதியை விவசாயி விற்றுக்கொள்ளலாம் என்ற புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. நாலைந்து ஆண்டுகளில் வயல்கள் போருக்கு முந்தைய நிலையை நெருங்கின.

இடறியது விலையில். 1926-27இல் அரசு தானியத்தின் கொள்முதல் விலையை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. இறைச்சிக்கும் சணலுக்கும் நல்ல விலை கிடைத்தது. கையில் காசு வந்தாலும் நகரத்திலிருந்து வாங்குவதற்குத் துணியில்லை, ஆணியில்லை, அரிவாள் இல்லை. விவசாயி தானியத்தை மாட்டுக்குப் போட்டு மாட்டை விற்றான்; மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கென்று வைத்துக்கொண்டான். இதில் சதி என்று சொல்ல ஒன்றுமில்லை. விலை தெரிந்த எந்தச் சம்சாரியும் போடுகிற கணக்குதான். ஆனால் 1927 மே மாதம் பிரிட்டன் உறவை முறித்துக்கொண்டதிலிருந்து மாஸ்கோவில் போர் பயம். ரொட்டி வரிசை நீண்டால் என்ன ஆகும் என்பதை 1917 பிப்ரவரியில் பெட்ரோகிராடில் பார்த்தவர்கள் அவர்கள். விலைக் கணக்கு அவர்கள் கண்ணுக்கு எதிரியின் வேலைநிறுத்தமாகத் தெரிந்தது.

விலையை ஏற்றியிருக்கலாமே என்பது நியாயமான கேள்வி. கட்சித் தலைவர்களில் ஒருவரான புகாரினின் தரப்பு அதைத்தான் சொன்னது: விவசாயியை மெல்ல மெல்லக் கூட்டுறவுக்குள் கொண்டுவருவோம், விலையைச் சரிசெய்வோம், தொழில்மயம் கொஞ்சம் நிதானமாகப் போகட்டும். 1928 ஜூலையில் மத்தியக் குழுவில் ஸ்டாலின் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார். நம்மிடம் காலனி நாடுகள் இல்லை, தொழிலுக்கான முதல் உள்நாட்டிலிருந்துதான் வர வேண்டும், ஆகவே விவசாயி வரிக்கு மேல் இன்னொரு தொகையையும் தந்தாக வேண்டும், அது ஒருவகைக் கப்பம்தான் என்றார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய தொகுப்பு நூலில் வரும்வரை அந்தப் பேச்சு அச்சேறவில்லை. பொதுவெளியில் டிராக்டரைப் பற்றியும் சோஷலிசத்தைப் பற்றியும் பேசியவர்கள் மூடிய அறைக்குள் கப்பத்தைப் பற்றிப் பேசினார்கள். காரணத்தைத் தேடுகிறவர் கேட்க வேண்டியது அறைக்குள் பேசியதை.

கூட்டுப்பண்ணைக்கு ஆதரவாக ஸ்டாலின் முன்வைத்த புள்ளிவிவரம் ஒன்று உண்டு. புள்ளியியலாளர் நெம்சினோவ் தயாரித்துக் கொடுத்தது. போருக்கு முன் விளைந்த தானியத்தில் 26 விழுக்காடு விற்பனைக்கு வந்தது, 1926-27இல் 13 விழுக்காடுதான். நிலப்பிரபு போனார், பணக்கார விவசாயி சுருங்கினார், சின்ன விவசாயி விளைந்ததைத் தானே தின்றுவிடுகிறார், ஆனால் அரசுப் பண்ணையும் கூட்டுப்பண்ணையும் 47 விழுக்காட்டைச் சந்தைக்குத் தருகின்றன என்றது அந்த அட்டவணை. 1967இல் ஜெர்ஸி கார்ச் என்ற ஆய்வாளர் இதைப் பிரித்துப் பார்த்தார். போருக்கு முந்தைய எண்ணில் கிராமத்துக்குள்ளேயே விற்று வாங்கியதும் சேர்ந்திருந்தது. பிந்தைய எண்ணில் அது கழிக்கப்பட்டிருந்தது. ஆகவே பாதியாகச் சரிந்தது என்பது நிற்காது. சரிவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அவரை மறுத்தவர்கள் ஓரளவு குறைந்தது உண்மைதான் என்று காட்டினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அட்டவணை எதை அளக்கிறது என்பது. ஒரு ஏக்கரில் எவ்வளவு விளைகிறது என்று அது கேட்கவே இல்லை. விளைந்ததில் எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான் அதன் ஒரே கேள்வி.

சித்தாந்தத்தின் மேல் பழியைப் போடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய உற்பத்தி சிறிய உற்பத்தியை விழுங்கும் என்று மார்க்சியம் நம்பியது சரி. ஆனால் 1894இல் எங்கெல்ஸ், சிறு விவசாயியைப் பலவந்தப்படுத்தக் கூடாது, முன்மாதிரி காட்டி உதவி செய்தே கூட்டுறவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதிவிட்டார். 1923இல் லெனினும் கூட்டுறவைப் பற்றி எழுதும்போது நீண்ட காலத்தை மனத்தில் வைத்துத்தான் பேசினார். சித்தாந்தம் திசையைக் கொடுத்தது, வேகத்தைக் கொடுக்கவில்லை. கட்சியே போட்ட முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில்கூட, ஐந்தாண்டு முடிவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு விவசாயம் கூட்டாகியிருந்தால் போதும் என்றுதான் இருந்தது. அலெக்சாந்தர் சயானோவ் என்ற வேளாண் பொருளாதார அறிஞர் இன்னும் நுணுக்கமாகச் சொன்னார்: உழுவதும் விதைப்பதும் குடும்பத்திடம் இருக்கட்டும், விதை வாங்குவது, பால் பதப்படுத்துவது, விற்பது போன்றவை மட்டும் கூட்டுறவிடம் போகட்டும். எந்த வேலைக்கு எந்த அளவு பொருந்தும் என்று யோசித்த மனிதர். 1930இல் கைது செய்தார்கள், 1937இல் சுட்டுக் கொன்றார்கள்.

டிராக்டர் வாதத்தையும் தேதியோடு பார்க்கலாம். 1929 அக்டோபரில் கூட்டுப்பண்ணையில் இருந்தவை நூற்றில் ஏழெட்டுக் குடும்பங்கள். டிசம்பர் கடைசியில், குலாக்குகள் எனப்பட்ட பணக்கார விவசாயிகளை ஒரு வர்க்கமாகவே ஒழிக்கப் போவதாக ஸ்டாலின் அறிவித்தார். கட்சி ஆட்களும், நகரத்திலிருந்து அனுப்பப்பட்ட இருபத்தைந்தாயிரம் தொழிலாளர்களும் கிராமங்களில் இறங்கினார்கள். 1930 மார்ச் முதல் தேதியில் நூற்றுக்கு 56 குடும்பங்கள் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு வந்தது. ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஆலை திறந்ததோ அதே ஆண்டு ஜூனில். அதாவது இயந்திரம் வருவதற்கு முன்பே பண்ணை வந்துவிட்டது. சேர்ந்தவை பக்கத்து வீட்டுக் குதிரைகளும் மரக்கலப்பைகளும்தான். நூறு கலப்பைகளை ஒரே கொட்டகையில் அடுக்கினால் உழவு ஒரு அங்குலமும் ஆழமாகிவிடாது. மார்ச் 2ஆம் தேதி கட்சி நாளிதழான பிராவ்தாவில், வெற்றி மயக்கத்தில் உள்ளூர் ஊழியர்கள் வரம்பு மீறிவிட்டார்கள் என்று ஸ்டாலின் எழுதினார். மக்களுக்கு அது கதவு திறந்த மாதிரி. கோடைக்குள் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். தாமாக விரும்பிச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிறகு வரியைக் கூட்டி, நல்ல நிலத்தைப் பண்ணைக்கு ஒதுக்கி, மறுபடி உள்ளே தள்ளினார்கள். 1937இல் 93 விழுக்காடு.

குலாக் ஒழிப்பையும் இந்த வெளிச்சத்தில்தான் புரிந்துகொள்ள முடிகிறது. 1930, 31 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுமார் 18 லட்சம் பேர் வடக்குக்கும் உராலுக்கும் சைபீரியாவுக்கும் நாடு கடத்தப்பட்டார்கள். இரண்டு மாடும் ஒரு கூலியாளும் வைத்திருந்தவர் பெயரும் பட்டியலில் ஏறியது. அவர்களின் வீடும் கால்நடையும் பண்ணைக்கு முதலாகின. மற்றவர்களுக்கு அது ஒரு பாடமாகவும் ஆனது. மறுத்தால் நீயும் குலாக்.

கூட்டுப்பண்ணை அன்றாடம் எப்படி ஓடியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உறுப்பினருக்குக் கூலி கிடையாது, வேலைநாள் என்ற புள்ளிதான். வேலையின் தரத்தைப் பொறுத்து ஒரு நாள் உழைப்புக்கு அரைப் புள்ளி முதல் இரண்டு புள்ளி வரை. காவல்காரருக்குக் குறைவு, டிராக்டர் ஓட்டுநருக்கு அதிகம். புள்ளியின் மதிப்பு என்ன என்று வருஷக் கடைசிவரை யாருக்கும் தெரியாது. கதிரடித்ததும் முதலில் அரசின் பங்கு போக வேண்டும். இதை முதல் கட்டளை என்றே சொன்னார்கள். அடுத்து, டிராக்டர்களைக் கையில் வைத்திருந்த இயந்திர டிராக்டர் நிலையத்துக்கு உழவுக்கூலி, அதுவும் தானியமாகவே. பின் விதைக்கு, தீவனத்துக்கு, கடனுக்கு. எல்லாம் போய் அடியில் கிடப்பதைப் புள்ளிகளால் வகுத்தால் வருவது உழைத்தவர் பங்கு. 1933 முதல் இன்னொரு தந்திரமும் சேர்ந்தது. களத்தில் அளந்த தானியத்தை விட்டுவிட்டு, வயலில் நிற்கிற பயிரைக் கண்மதிப்பாக மதிப்பிட்டு அதையே விளைச்சல் என்று எழுதிக்கொண்டார்கள். அறுக்கும்போது உதிர்ந்ததும், மழையில் முளைத்துப்போனதும், எலி தின்றதும் விவசாயி கணக்கில் கழிந்தன. பயிரின் நட்டம் முழுக்க அடியில் நிற்பவர் தலையில், அரசின் பங்கு மட்டும் முதல் மூட்டையிலேயே பத்திரம். கொள்முதல் ஏற்பாடு என்று பார்த்தால் இது கச்சிதமான வேலை. 1928இல் அரசுக்குக் கிடைத்த தானியம் சுமார் 108 லட்சம் டன். 1931இல், விளைச்சல் அதைவிடக் குறைந்திருந்தும், 228 லட்சம் டன். அதிலிருந்து 52 லட்சம் டன் ஏற்றுமதியானது. உலக மந்தத்தில் தானிய விலை விழுந்துகிடந்த நேரம் அது. ஒரே இயந்திரத்துக்கு முன்னைவிட அதிக மூட்டைகள் போயின.

விவசாயம் என்று பார்த்தால் கதை வேறு. தன் மாட்டைப் பண்ணைக்குக் கொடுப்பதைவிட வெட்டித் தின்பதே மேல் என்று விவசாயிகள் முடிவெடுத்தார்கள். மிஞ்சியவை பண்ணைத் தொழுவங்களில் தீவனமில்லாமல் செத்தன. அரசின் சொந்தக் கணக்கிலேயே 1928க்கும் 1933க்கும் இடையில் மாடுகள் 7 கோடியிலிருந்து 3.8 கோடிக்கும், குதிரைகள் 3.35 கோடியிலிருந்து 1.66 கோடிக்கும், ஆடுகள் 14.6 கோடியிலிருந்து 5 கோடிக்கும் இறங்கின. இழுவைக்குக் குதிரை இல்லை, உரத்துக்குச் சாணம் இல்லை. புதிதாக வந்த டிராக்டர்கள் செத்த குதிரைகளின் இடத்தை நிரப்பவே பல ஆண்டுகள் ஆயின.

1932இல் களத்தில் எடுக்க ஒன்றுமில்லாத நிலை வந்தபோதும் எடுப்பது நிற்கவில்லை. ஆகஸ்ட் 7ஆம் தேதிச் சட்டப்படி, பண்ணைத் தானியத்தைத் திருடினால் மரண தண்டனை அல்லது பத்தாண்டுச் சிறை. அறுத்த வயலில் உதிர்ந்த கதிர் பொறுக்கியவர்களும் அதில் மாட்டினார்கள். டிசம்பரில் உள்நாட்டுப் பாஸ்போர்ட் வந்தது, கிராமத்தாருக்கு மட்டும் தரப்படவில்லை. 1933 ஜனவரியில் உக்ரைனிலிருந்தும் குபானிலிருந்தும் விவசாயிகள் வெளியேறுவது தடுக்கப்பட்டது.

தோன் ஆற்றங்கரையில் என்ன நடந்தது என்பதற்கு எதிர்பாராத ஒருவர் சாட்சி. கூட்டுப்பண்ணை இயக்கத்தை நாவலாக்கி 1932இல் முதல் பாகம் வெளியிட்டிருந்த மிகயீல் ஷோலகோவ், 1933 ஏப்ரலில் தன் வட்டாரத்தைப் பற்றி ஸ்டாலினுக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஒளித்த தானியம் எங்கே என்று கேட்டு, விவசாயிகளை உள்ளாடையோடு குளிரில் கொட்டகையில் பூட்டியதை, பெண்களின் பாவாடை ஓரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி அணைத்ததை, துப்பாக்கியால் சுடுவதுபோல் நாடகம் ஆடியதை இடம் சுட்டி எழுதினார். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு யாரும் கதவு திறக்கக் கூடாது என்று உத்தரவு. கைக்குழந்தையோடு இரவெல்லாம் வீடு வீடாகத் தட்டிய ஒரு தாயின் மடியிலேயே விடிவதற்குள் குழந்தை விறைத்துப்போனதையும் எழுதினார். ஸ்டாலின் அந்த வட்டாரத்துக்குத் தானியம் அனுப்பினார். கூடவே, உங்கள் மரியாதைக்குரிய விவசாயிகள் சோவியத் அரசோடு சத்தமில்லாத போர் நடத்துகிறார்கள் என்று பதிலும் எழுதினார். 1928இல் சைபீரியாவில் கேட்ட அதே மனம்தான். தானியம் வரவில்லையென்றால் ஒளித்திருக்கிறார்கள், இல்லாமல் போயிருக்கும் என்ற எண்ணத்துக்கு அதில் இடமில்லை.

செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். நாடு முழுக்க 55 லட்சத்துக்குக் குறைவாகச் சொல்பவர்கள் அரிது, 80 லட்சம் வரை சொல்பவர்கள் உண்டு. உக்ரைனில் மட்டும் 35 லட்சத்துக்கும் மேல். கசக்ஸ்தானில், மந்தையோடு நகர்ந்து வாழ்ந்தவர்களைத் தானியம் கேட்டு ஓரிடத்தில் உட்காரவைத்ததில் ஏறக்குறைய 15 லட்சம் பேர். மக்கள்தொகையின் விகிதத்தில் மிகப் பெரிய இழப்பு கசக்கியர்களுடையது; நம் பக்கத்தில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. உக்ரைனில் நடந்ததை இனப்படுகொலை என்று சொல்லலாமா என்ற வாதம் ஓயவில்லை. ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்லலாம்: பஞ்சம் என்று தெரிந்த பிறகும் எல்லையை மூடியது இயற்கையின் வேலை இல்லை.

சரி, தொழில்மயத்துக்காவது இது பயன்பட்டதா? எவ்வளவு கொடுமையானாலும் இது இல்லாமல் ஹிட்லரை ஜெயித்திருக்க முடியாது என்பது இன்றும் கேட்கிற வாதம். பர்சோவ் என்ற சோவியத் பொருளியலாளர் 1960களில் கணக்கேடுகளைத் தோண்டிப் பார்த்தார். அதை வைத்து ஜேம்ஸ் மில்லர் போன்ற ஆய்வாளர்கள் சொன்னது கட்சியின் கதைக்கும் எதிரிகளின் கதைக்கும் ஒருசேர இடைஞ்சலானது: செத்த குதிரைகளுக்குப் பதிலாக டிராக்டர் அனுப்பிய செலவையும் சேர்த்தால், முதல் ஐந்தாண்டில் கிராமத்திலிருந்து தொழிலுக்கு நிகரமாகப் போனது சொற்பம் அல்லது ஒன்றுமே இல்லை. கசக்கிப் பிழிந்த கை, பிழிந்ததை அங்கேயே கொட்டிவிட்டது. பொருளாதார வரலாற்றாளர் ராபர்ட் ஆலன் 2003இல் எழுதிய நூலில், கூட்டுப்பண்ணை இல்லாமல் பழைய கொள்கையே தொடர்ந்திருந்தாலும் தொழில் வளர்ச்சி சற்றுத்தான் குறைந்திருக்கும் என்று கணக்கிட்டார். கூட்டுப்பண்ணை தொழிலுக்குக் கொடுத்த பெரிய சரக்கு தானியமும் இல்லை, பணமும் இல்லை, ஆட்கள். கிராமத்தில் இருக்க முடியாமல் நகரத்துக்கு ஓடியவர்கள். 1926இல் 2.6 கோடியாக இருந்த நகர மக்கள் 1939இல் 5.6 கோடி.

பலம் என்று நான் ஒப்புக்கொள்வது ஒன்று உண்டு, அது போர்க்காலத்தில் தெரிந்தது. முதல் உலகப் போரில் விவசாயி தானியத்தை நிறுத்திக்கொண்டதும் ஜார் ஆட்சி ரொட்டி வரிசையில் கவிழ்ந்தது. 1942இல் உக்ரைன் முழுதும் ஜெர்மானியர் கையில். விளைச்சல் போருக்கு முந்தையதில் பாதிக்கும் கீழே. ஆண்கள் போர்முனையில், வயலில் பெண்களும் சிறுவர்களும் கிழவர்களும். அப்படியிருந்தும் ராணுவத்துக்கும் ஆலைகளுக்கும் ரொட்டி போனது. தனித்தனி விவசாயியிடமிருந்து அந்த நெருக்கடியில் அவ்வளவு தானியத்தை எடுத்திருக்க முடியுமா என்பது சந்தேகம்தான். ஆனால் அந்த ரொட்டிக்கான விலையாக, விளைவித்தவர்கள் உருளைக்கிழங்கைத் தின்றுதான் உயிர்தரித்தார்கள்.

அந்தக் கிழங்கு விளைந்தது வீட்டுக் கொல்லையில். 1935 மாதிரி விதிகள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொதுவாகக் கால் ஹெக்டேரிலிருந்து அரை ஹெக்டேர் வரை நிலத்தையும் ஒரு பசுவையும் விட்டுக்கொடுத்தன. பிந்தைய சோவியத் காலத்தில் மொத்தப் பயிர் நிலத்தில் சுமார் மூன்று விழுக்காடாக இருந்த இந்தக் கொல்லைகள் விவசாய உற்பத்தியில் கால்வாசியைத் தந்தன. தனியுடைமை எப்போதும் ஜெயிக்கும் என்று காட்டுவதற்காக இதை எடுத்துக்காட்டுவார்கள். அது பாதி உண்மை. கொல்லைப் பசு தின்றது பண்ணைத் தீவனத்தை, அதுவும் பெரும்பாலும் கைமறைவாக வந்தது. கோதுமையைக் கொல்லையில் யாரும் போடவில்லை. ஆனாலும் கொல்லையில் களை நிற்காது, பண்ணை வயலில் நிற்கும். ஆலையில் ஒருவன் சோம்பினால் அன்றே தெரியும். வயலில் மேலோட்டமாக உழுதது அறுவடையில்தான் தெரியும், அப்போது யார் உழுதார் என்று யாருக்கு நினைவிருக்கும்? 1963இல் தானியம் ஏற்றுமதி செய்துவந்த நாடு கனடாவிடம் கோதுமை வாங்கியது. கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கும் பாஸ்போர்ட் தருவதென்று முடிவானது 1974இல்தான்.

சீனா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அதே வழியில் போனதும் கவனிக்கத்தக்கது. அங்கே வரிசை இன்னும் வெளிப்படை: 1953இல் தானியக் கொள்முதல் முழுதும் அரசின் ஏகபோகமானது, 1955இல் கூட்டுறவு வேகம் பிடித்தது, 1958இல் மக்கள் கம்யூன். முதலில் எடுக்கும் உரிமை, பிறகு எடுக்க வசதியான களம்.

எனில் கூட்டாகப் பயிரிடுவதே தோற்றுப்போகிற காரியமா? ஹங்கேரியைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. 1956 எழுச்சியில் கட்டாயத் தானிய ஒப்படைப்பு நீக்கப்பட்டது. ரஷ்ய டாங்கிகள் வந்த பிறகு அமைந்த கடார் அரசும் அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை. 1959 முதல் 1961 வரை விவசாயிகளைப் பண்ணைக்குள் சேர்த்தார்கள், நெருக்கடி கொடுத்துத்தான். ஆனால் பண்ணை தன் விளைச்சலை விலைக்கு விற்றது. வசதியான விவசாயிகளாக இருந்தவர்களே பல இடங்களில் தலைவர்களானார்கள். கொல்லைக்குத் தீவனமும் கன்றும் பண்ணையே கொடுத்து, வளர்ந்ததை வாங்கி விற்றது. கோதுமையும் இறைச்சியும் ஏற்றுமதியாயின. சயானோவ் கேட்டதற்கு ஏறக்குறைய பக்கத்தில் வந்த ஏற்பாடு அது. அதே பெயர், அதே பெரிய வயல், களத்தில் முதல் மூட்டையை எடுக்க வண்டி மட்டும் நிற்கவில்லை.

ரஷ்யாவில் 1991 கடைசியில் யெல்ட்சின் அரசு பண்ணைகளைக் கலைத்துக்கொள்ள ஆணையிட்டபோது, அறுபதாண்டுக்கு முன் மாட்டை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டு ஓடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் அசையவில்லை. பண்ணையின் பெயர்ப்பலகையைப் பங்கு நிறுவனம் என்று மாற்றிவிட்டு உள்ளேயே இருந்தார்கள். தனியே பிரிந்து போனால் உழுவதற்கு ஒரு டிராக்டர் வேண்டும், கடன் வேண்டும், விதை எப்போது போடுவது என்று தானே முடிவெடுக்க வேண்டும். அவர்களில் ஒருவர் டிராக்டர் மட்டும் ஓட்டியிருந்தார், இன்னொருவர் பால் மட்டும் கறந்திருந்தார், மூன்றாமவர் கணக்கு மட்டும் எழுதியிருந்தார். முழு விவசாயம் தெரிந்த ஆள் என்று ஊரில் யாரும் மிஞ்சியிருக்கவில்லை; கொல்லைப் பசுவுக்குத் தீவனமும் பண்ணைக் களத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது.